இடது கையின் வேலை

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கெல்பார்ட் 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். திரையில் இருந்த சொற்களை இடம் மாற்றினார். ஒரு சொல்லைச் சுட்டி வேறொரு ஆவணத்துக்குத் தாவினார். மென்லோ பார்க்கில் உட்கார்ந்திருந்த சக ஊழியரோடு பேசிக்கொண்டே, இருவரும் ஒரே பக்கத்தைத் திருத்தினார்கள். மவுஸ் என்ற கருவி பொதுமேடை ஏறியது அன்றுதான். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எங்கெல்பார்ட்டின் வலது கையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பவர் குறைவு.

இடது கைக்கு அடியில் ஐந்தே ஐந்து விசைகள் கொண்ட ஒரு சின்னப் பலகை இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் ஏ, அடுத்ததைத் தட்டினால் பி, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் சி. ஐந்து விசைகளில் இப்படி 31 சேர்க்கைகள் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். வலது கை மவுஸால் இடத்தைக் காட்டும். இடது கை அங்கே என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எங்கெல்பார்ட் மனத்தில் இருந்த வேகம் இதுதான்.

மவுஸ் உலகெங்கும் பரவியது. ஐந்து விசைப் பலகை காணாமல் போனது. காரணம் எளிது: மவுஸைப் பிடித்து நகர்த்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், அந்தப் பலகையைப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிக்கொள்ளச் சொன்னால் மனிதர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை எங்கெல்பார்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவி கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, பழகியவனின் கை நீளவேண்டும் என்று நினைத்தவர் அவர்.

அதற்கு நேர் எதிராக நினைத்தவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், 1970களின் நடுவில், டிம் மாட் என்பவரோடு சேர்ந்து ஜிப்சி என்ற எழுத்துத்தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார். பாடநூல் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர்களுக்காகச் செய்தது அது. இன்று நாம் யோசிக்காமல் செய்யும் வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்றும் இப்போது இருக்கும் வடிவத்துக்கு வந்தது அங்கேதான். அதற்கு முந்தைய மென்பொருள்களில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் இன்னொரு நிலையில் கட்டளையாகவும் நடந்துகொள்ளும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து தட்டினால் பாதிப் பக்கம் அழிந்துபோகலாம். டெஸ்லருக்கு இது கட்டோடு பிடிக்காது. நிலைமாற்றங்களே கூடாது என்று அறிவிக்கும் வாசகத்தைத் தன் காரின் எண்பலகையிலேயே பொறித்துக்கொண்டவர் அவர்.

பின்னர் ஆப்பிளுக்குப் போன டெஸ்லர், 1983இல் வந்த லிசா கணினிக்காக இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகளைத் தேர்ந்தெடுத்தார். காப்பிக்கு சி என்பது யாருக்கும் புரியும். எக்ஸ், அடித்துவிடும் குறி. வரிக்கு நடுவே விடுபட்ட சொல்லைச் செருகப் பிழைதிருத்துவோர் போடும் கூம்புக் குறியைத் தலைகீழாகப் பார்த்தால் வி.  செய்ததைத் திரும்பப்பெறும் இசட் அவற்றின் பக்கத்திலேயே இருந்தது. ஆக, நான்கும் கீழ்வரிசையின் இடது ஓரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. வலது கை மவுஸைப் பிடித்தபடியே இருக்க, இடது கை கட்டளையைத் தட்டலாம். எளிமையையே வேதமாகக் கொண்ட டெஸ்லரின் கையால் எங்கெல்பார்ட்டின் இடது கைக்கு மறுபடியும் வேலை கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஐபிஎம் 1987இல் வகுத்த விதிமுறையில் வேறு விசைகள் இருந்தன: நகலெடுக்கக் கன்ட்ரோல்-இன்சர்ட், ஒட்ட ஷிப்ட்-இன்சர்ட், வெட்ட ஷிப்ட்-டெலிட். விண்டோஸ் கணினிகளில் இவை இன்றும் வேலை செய்யும். எல்லாம் வலப்பக்கம் இருப்பதால் இடது கையில் மவுஸ் பிடிப்பவர்களுக்கு இவைதான் பொருத்தம். இதை அவர்களிடம் சொல்வார் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கன்ட்ரோல் விசையின் கதை கணினித் திரையைவிடப் பழையது. தந்தி போலச் செய்தி அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரங்களில் இருந்து வந்தது அது. 1963இல் உருவான ஆஸ்கி குறியீட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பெரிய ஜி-க்கு 71. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஜி தட்டினால் எண்ணிலிருந்து 64 கழிந்து 7 மட்டும் போகும். 7 என்றால் எழுத்தல்ல, கட்டளை: மறுமுனையில் மணி அடிக்கும். எம்-மில் 64 கழித்தால் 13, அச்சுத்தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். சி-யில் கழித்தால் 3, செய்தி முடிந்தது என்று பொருள். இன்றும் லினக்ஸ் முனையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கன்ட்ரோல்-சி நிறுத்துவது இந்தப் பரம்பரையில்தான். நகலெடுக்க நினைத்து அங்கே கன்ட்ரோல்-சி தட்டிவிட்டு நிரலை நிறுத்திக்கொண்டவர்கள் டெஸ்லரைத் திட்டக்கூடாது. அவர் ஆப்பிளில் அதற்கென்று தனி விசையே வைத்திருந்தார். இரண்டையும் ஒரே விசையில் கொண்டுபோய்ச் சேர்த்தது பின்னால் வந்தவர்கள்.

இன்றைய யுஎஸ்பி கீபோர்டில் கழித்தல் கணக்கு இல்லை. விசைகளுக்குக் கீழே கிடையும் நெடுக்குமாகக் கம்பிப்பாதைகள் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் சிறு சில்லு நொடிக்குப் பல நூறு முறை அவற்றைத் துழாவி எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்க்கிறது. கணினிக்கு அது அனுப்பும் வழக்கமான தகவல் 8 பைட். அதில் முதல் பைட் முழுவதும் கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், விண்டோஸ் விசைகளுக்கே ஒதுக்கப்பட்டது: இடதில் நான்கு, வலதில் நான்கு, ஆக எட்டு விசைகளுக்கு எட்டு பிட். ஆகவே 'நகலெடு' என்ற கட்டளை கீபோர்டிலிருந்து புறப்படுவதில்லை. இந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது, கூடவே கன்ட்ரோலும் அழுத்தப்பட்டிருக்கிறது என்ற செய்தி மட்டுமே போகிறது. அதற்குப் பொருள் கொடுப்பது மென்பொருள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் ஒரு நல்லது. தமிழ்99 விசைப்பலகையில் சி இருக்கும் இடத்தில் ஒ, வி இருக்கும் இடத்தில் வ. தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலோடு ஒ தட்டினால் நகலாகிறது, வ தட்டினால் ஒட்டுகிறது. நகலெடுக்க ஒருதரம் ஆங்கிலத்துக்கு மாறி, ஒட்டிவிட்டுத் திரும்பத் தமிழுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை.

இனி, ஷார்ட்கட் எனப்படும் இந்த விசைச் சேர்க்கைகளால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1980இல் ஒரு கணக்குமுறையை வெளியிட்டார்கள். கணினி முன் உட்கார்ந்தவன் செய்யும் எந்த வேலையையும் நான்கைந்து அடிப்படை அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் குறித்தார்கள். ஓரளவு பழகிய தட்டச்சர் ஒரு விசையைத் தட்ட 0.2 நொடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கையை நகர்த்த 0.4 நொடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 நொடி.

ஒரு சொற்றொடரைத் தேர்ந்து வைத்திருக்கிறோம், கை கீபோர்டில் இருக்கிறது, நகலெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெனு வழியே போனால்: கை மவுஸுக்கு 0.4, மெனுவைச் சுட்ட 1.1, சொடுக்க 0.2, 'காப்பி' என்ற வரியைச் சுட்ட 1.1, சொடுக்க 0.2, கை திரும்ப 0.4. மொத்தம் 3.4 நொடி. ஷார்ட்கட்டில் இரண்டு தட்டல், 0.4 நொடி. வித்தியாசம் 3 நொடி. ஒரு நாளில் இப்படி 200 முறை என்றால் 10 நிமிடம். வருடத்துக்கு 250 வேலைநாள் என்றால் 41 மணி நேரத்துக்கும் மேல். ஐந்து வேலைநாள்!

இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுக்காட்டித்தான் ஷார்ட்கட் வகுப்புகளில் ஆள் பிடிக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் சில்லறையாகச் சேரும் மூன்று மூன்று நொடிகள் கட்டாக மாறி ஐந்து நாள் விடுப்பாகத் திரும்பி வருவதில்லை. அதைவிட, அந்த நான்கு எண்களில் பெரியது எது என்று பாருங்கள். கையின் அசைவுகள் எல்லாம் அதைவிடக் குறைவு. மனம் எடுத்துக்கொள்ளும் 1.35 நொடிதான் பெரியது. 'இதற்கு என்ன விசை? கன்ட்ரோல்-எச்சா, கன்ட்ரோல்-ஆரா?' என்று இரண்டு முறை யோசித்துவிட்டால் மிச்சமான 3 நொடியும் கிட்டத்தட்டப் போயிற்று.

ஆப்பிளில் இடைமுக வடிவமைப்பைக் கவனித்த புரூஸ் டாக்னாசினி 1980களின் இறுதியில் சொன்ன ஒரு விஷயம் இன்றுவரை சண்டையைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. கீபோர்டுதான் வேகம் என்று சோதனைக்கு வந்தவர்கள் சாதிக்கிறார்கள். கையில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் மவுஸ்தான் வேகம் என்று காட்டுகிறது என்றார் அவர். எந்த விசை என்று நினைவுபடுத்த ஆகும் இரண்டு நொடியில் மூளை மும்முரமாக இருப்பதால், அந்த நேரம் கழிந்ததே தெரிவதில்லை. மவுஸை நகர்த்தும்போது மூளை சும்மா இருப்பதால் அது நீளமாகத் தோன்றுகிறது என்பது அவர் விளக்கம். கீபோர்டு பக்தர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் அவர் பக்கம் பாதி நிற்கிறேன். நினைவுபடுத்திப் பார்க்கவேண்டிய ஷார்ட்கட் உண்மையிலேயே மெதுவானது. ஆனால் கன்ட்ரோல்-சி தட்ட இன்று யாரும் இரண்டு நொடி யோசிப்பதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஷார்ட்கட், ஐகான், மெனு மூன்றையும் ஒப்பிட்டு ஷார்ட்கட்தான் வேகம் என்று கண்டது. அதே ஆய்வில் அனுபவமுள்ள 251 வேர்டு பயனர்களையும் கேட்டார்கள். வருடக்கணக்காகப் புழங்கியவர்கள்கூடப் பெரும்பாலும் ஐகானைத்தான் தேடிப் போனார்கள். அனுபவம் மட்டும் யாரையும் மெனுவிலிருந்து விசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

ஏன் என்பதற்கு ஜான் கேரலும் மேரி பெத் ராஸனும் 1987இல் சொன்ன விடைதான் எனக்குத் தெரிந்தவரை சிறந்தது. கணினி முன் உட்கார்ந்தவனுக்குக் கடிதம் முடியவேண்டும், பில் போகவேண்டும். கற்றுக்கொள்வதற்காக அவன் அங்கே உட்காரவில்லை. இரண்டு நிமிடம் செலவழித்துக் கற்றால் இருபது மணி நேரம் மிச்சம் என்று தெரிந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தை இன்று தரமாட்டான். தெரிந்த வழி சுற்றுவழியானாலும் அதிலேயே போவான். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய வேலையைப் பொறுத்தவரை அவன் செய்வது சரி.

பழக்கம் கைக்கு இறங்கிவிட்டால் நடப்பது வேறு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தேர்ந்த தட்டச்சர்களைச் சோதித்தார்கள். நிமிடத்துக்குச் சராசரி 72 சொற்கள் அடித்தவர்கள் அவர்கள். எழுத்தே இல்லாத வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னபோது 26இல் சராசரியாக 15தான் சரியாக வைத்தார்கள். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்கி லோயர், ஹையர் முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன் விரலைக் காற்றில் அசைத்துப் பார்ப்பார்கள். கன்ட்ரோல்-இசட் அப்படி இறங்கிய பிறகு அந்த 1.35 நொடி கணக்கிலேயே வராது. கண் எழுத்தைவிட்டு விலகாது, வாக்கியத்தின் இழை அறுபடாது. என்னைக் கேட்டால், மிச்சமாகும் நொடிகளைவிட இதுதான் பெரிய லாபம்.

எல்லாக் கட்டளையையும் இப்படி இறக்க முடியாது, இறக்கவும் வேண்டாம். டேலியில் கணக்கு எழுதுபவர்களைப் பாருங்கள். பணம் கொடுத்தால் எஃப்5, வாங்கினால் எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. மவுஸைத் தொடாமலே நாள் முழுவதும் பதிவு போடுவார்கள். கட்டளைகள் கொஞ்சம், ஒவ்வொன்றும் நாளுக்கு நூறு தடவை. விசை வெல்லும் இடம் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை பக்க எண் போடுவதற்கு ஷார்ட்கட் தெரிந்து வைத்திருப்பது வெறும் பெருமை.

மவுஸுக்கும் தனக்கென்று ஓர் அறிவியல் உண்டு. பால் ஃபிட்ஸ் 1954இல் கண்ட விதிப்படி, ஒரு இலக்கைச் சுட்ட ஆகும் நேரம் தொலைவு கூடினால் கூடும், இலக்கு அகலமானால் குறையும். ஆனால் மடக்கை முறையில்: தொலைவு இரட்டித்தால் நேரம் இரட்டிக்காது, ஒரு சிறு அளவே ஏறும். திரையின் ஓரமும் மூலையும் வேகமான இடங்களாக இருப்பதற்கும் இதுவே காரணம். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு ஓரத்தில் நின்றுவிடுவதால் அந்த இலக்கு அகலமானதுபோல் ஆகிறது. வலது சொடுக்கில் வரும் மெனு அம்பின் பக்கத்திலேயே திறப்பதால் தொலைவே இல்லை.

இரண்டு கையும் சேரும்போதுதான் ருசி. வேர்டில் சொல்லின்மேல் இருமுறை சொடுக்கினால் சொல், மும்முறை சொடுக்கினால் பத்தி, கன்ட்ரோலோடு சொடுக்கினால் முழு வாக்கியம் தேர்வாகும். தொடக்கத்தில் ஒரு சொடுக்கு, பத்துப் பக்கம் தள்ளி ஷிப்டோடு ஒரு சொடுக்கு: நடுவில் உள்ளதெல்லாம் தேர்வாகிவிடும்; இழுத்துக்கொண்டே போகவேண்டாம். கன்ட்ரோலோடு உருளையைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகும், வயதான கண்களுக்கு உதவும். உலாவியில் இணைப்பின்மேல் உருளையையே அழுத்தினால் புதிய தாவலில் திறக்கும். எக்செலில் ஒரு கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தில் இருமுறை சொடுக்கினால், பக்கத்து நெடுவரிசை முடியும் வரை சூத்திரம் தானே இறங்கும். ஆயிரம் வரிக்கு இழுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லா ஷார்ட்கட்டும் வேகத்துக்காகப் பிறந்ததல்ல. ஐபிஎம் பிசியை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி, கணினியை மறுபடி தொடங்க முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப் வைத்தார். மூன்றும் இடப்பக்கமே இருந்ததால் கை தவறிப் பட்டுவிடும். எனவே இரண்டு கை இல்லாமல் முடியாதபடி டெலிட்டுக்கு மாற்றினார். கடினமாக இருக்கவேண்டும் என்றே வடிவமைத்த ஷார்ட்கட், உலகில் அதிகம் பேர் அறிந்த ஷார்ட்கட்டுகளில் ஒன்றாகிவிட்டது. மேக் கணினியிலோ ஒரு சாளரத்தை மூடும் டபிள்யூவும் மென்பொருளையே மூடிவிடும் க்யூவும் அருகருகே இருக்கின்றன. பிராட்லி அங்கே இருந்திருந்தால் அனுமதித்திருக்கமாட்டார்.

கற்பது எப்படி? பட்டியல் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டோவி கிராஸ்மன் குழுவினர் 2007இல் பல வழிகளைச் சோதித்தார்கள். நன்றாகப் பலித்தவை இரண்டு: மெனுவில் வரியைத் தேர்ந்தால் வேலை நடக்காது, விசையைத் தட்டினால்தான் நடக்கும் என்று கட்டாயப்படுத்துவது, தேர்ந்தவுடன் விசையின் பெயரைக் கணினி உரக்கச் சொல்வது. அந்த வசதி நம் கணினியில் இல்லாவிட்டாலும் அதே கண்டிப்பை நாமே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மவுஸ் அடிக்கடி ஓடும் இடம் எது என்று ஒரு நாள் கவனியுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் விசை என்னவென்று மெனுவிலேயே, அந்த வரியின் வலது ஓரத்தில் பாருங்கள், பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒரு வாரம் அதற்கு மெனு கிடையாது. கை தவறிப் போனால் பாதி வழியில் திருப்பி அழைத்து, விசையால் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் முன்பைவிட மெதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள். கை தானாகப் போகத் தொடங்கிய பிறகு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் வேண்டாம்.